போட்டி என்று பெயர் வைத்த காளான்

போன மாதம் நான் கடைசியாக வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் புது இயந்திரம் ஒன்று வைக்க இடம் ஒழித்தார்களாம். காளானைப் பொடித்து ஒரு சிட்டிகை அதற்குள் போட்டால் போதும், அதுவே பெயரைச் சொல்லிவிடுமாம். அலமாரியைக் காலி செய்தபோது பழைய பதிவேடு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், இதுல ஒரு பக்கத்துல பிலோமினான்னு பேரு இருக்கு. பெரிய சயின்டிஸ்டா? எந்தக் காலேஜ்?"

"அதே கட்டத்துல இன்னொரு பேரு இருக்குமே, பாத்தியா?"

"இருக்கு மேடம். ரொம்பப் பொடியா இருக்கு. படிக்க முடியல."

படிக்க முடியாத அந்தப் பெயர் என்னுடையது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. இருந்தும் அவள் அப்படிச் சொன்னது உறுத்தியது. அந்தப் பக்கத்தின் கதையை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்கள் வீடு சேக்காட்டில். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். தாவரவியலில் பட்டம் வாங்கியபோது அப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "அழுக்காய்டும், நீயே வச்சுக்கோ" என்று தள்ளி நின்று பார்த்தார். எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உணவுப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆவடியில் மின்ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைக்காமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பேன். நான்கு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

வடக்கே மலைப்பகுதியிலிருந்து காய்ந்த காளான் மூட்டை மூட்டையாக வரும். அங்கே அதைக் குச்சி என்பார்கள். நம்முடைய குச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பார்க்கத் தேன்கூடு போலப் பொந்து பொந்தாக இருக்கும், விலை அதிகம். பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். மூட்டையில் குச்சியோடு வேறு காளான்களும் கலந்து வரும். அவற்றில் எது குச்சியின் உறவு, எது விஷம் என்று பிரித்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

எனக்கு மேலே துரைராஜ் சார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. சவரப் பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து நடுவில் ஒடித்து, ஒரு காளானுக்கு ஒரு பாதி என்றுதான் கொடுப்பார். "முந்தின காளானோட எச்சில் பிளேடுல ஒட்டிக்கும்மா" என்பார். ஊறவைத்த துண்டைக் கேரட் கீற்றுகளுக்கு நடுவே இடுக்கி, கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். நூறு சீவினால் இரண்டு தேறும்.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள். கண்ணுக்குத் தெரிந்தது, மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது, பெயர், பார்த்தவர். மூன்றாவதான பெயர்க் கட்டத்தை அவர் எப்போதும் உள்ளே மடித்துக் க்ளிப் போட்டு வைத்திருப்பார். முதல் இரண்டையும் எழுதி முடித்து அவரிடம் காட்டினால்தான் க்ளிப்பை எடுப்பார்.

"பேரு கடைசியில வரட்டும். பேரு முன்னாடி வந்துட்டா கண்ணு மூடிக்கும்."

இது என்ன என்று ஒரு நாளும் கேட்க மாட்டார். "என்னென்ன பார்த்தே?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதன் பிறகு, இந்தத் தொழிற்பேட்டையில் என்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பும் வந்தது.

அந்த நினைப்பைக் கெடுத்தவள் பிலோமினா.

கீழ்த்தளத்தில் நீளமான மேசை. அதைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்து காளானில் தூசி, கல், கலப்படம் பொறுக்குவார்கள். தினக்கூலி. பிலோமினாவுக்கு என் வயதுதான் இருக்கும். மண்ணூர்பேட்டையில் வீடு. ஐந்தாவதோடு நின்றவள். மாமியார் வீட்டில் ஆட்டு இறைச்சிக் கடை. குடல், தலை, கால் எல்லாம் சுத்தம் செய்வது இவள் பொறுப்பு. விடிகாலையில் அதை முடித்துவிட்டு இங்கே வருவாள்.

துரைராஜ் சார் காலையில் மாடிக்கு ஏறும் முன் அந்த மேசையருகே நிற்பார். "பிலோமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். ஐந்தாவது படித்தவளுக்கு 'பாருங்க'. பட்டம் வாங்கிய எனக்கு 'பார்த்தே'. அவள் துண்டை விரலால் தடவுவாள், கவிழ்ப்பாள், ஏதோ சொல்வாள். சார் தலையாட்டுவார். அப்புறம் அதே துண்டு மாடிக்கு என்னிடம் வரும். நான் அரை நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கண்டுபிடிப்பதை அவள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். சார் என் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், அவள் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்ட நாட்கள் உண்டு. அவள் சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்டால், என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நான் கீழே இறங்கிப் போனபோது கிண்ணம் போல ஒரு காளானை நீட்டினாள்.

"மேடம், இது போட்டி."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கும் உனக்கும் என்ன போட்டி?" என்றேன்.

மேசை மொத்தமாகச் சிரித்தது. முனியம்மா என்ற பெண்ணுக்குப் புரையேறிவிட்டது.

"டீச்சரம்மா, ஆட்டு போட்டி. கொடலு. துன்னதே இல்லியா?" என்றாள் முனியம்மா.

பிலோமினா சிரிப்பை அடக்கிக்கொண்டு காளானைத் திருப்பிக் காட்டினாள். "உள்ளாற பாருங்க மேடம். மடிப்பு மடிப்பா, நரம்பு ஓடிகினு கீது. அப்டியே போட்டிதான்."

நான் தின்னாதவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி வாங்க முடியாதபோது போட்டிதான் வாங்குவோம். சுண்ணாம்பு போட்டுக் கழுவிய தண்ணீரை நானே வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறேன். ஆனால் கோட்டைப் போட்ட பிறகு அந்தச் சொல் என் காதில் அந்தப் பொருளில் விழவில்லை. விறுவிறுவென்று மாடிக்கு ஏறினேன். அன்றிலிருந்து அவள் என்ன சொன்னாலும் அதற்கு எதிராகவே ஏதாவது இருக்காதா என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தக் கிண்ணக் காளான் குச்சியின் நெருங்கிய உறவு. வேகவைத்துச் சாப்பிடலாம். ஆனால் காய்ந்து, சுருண்டு, உடைந்து மூட்டையில் வந்தால், அதை விஷக் காளான் ஒன்றிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். அந்த விஷக் காளானைப் பிலோமினா மூளை என்பாள். அதுவும் பழுப்பு, அதுவும் மடிப்பு. மைக்ராஸ்கோப்பில்தான் வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். சீவலில் நீளமான பைகள் நெருங்கி நிற்கும், ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள். அயோடின் ஒரு சொட்டு விட்டால் பையின் நுனி நீலமாகக் கூடாது. நீலமானால் அது வேறு வகைக் கிண்ணம். பிறகு வித்துக்குள் எண்ணெய்த் துளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் குச்சியின் உறவு. இருந்தால் மூளை.

நான் தற்காலிக வேலையில் இருந்த இரண்டாம் வருடத்தின் கடைசி மாதம். அந்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும். பர்மனென்ட் ஆகிவிட்டது என்று அப்பா முன்கூட்டியே தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். துரைராஜ் சார் உறவினர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அப்போது ஒரு சரக்கு வந்தது. குச்சியோடு சுருண்ட பழுப்புத் துண்டுகள் நிறையக் கலந்திருந்தன. கப்பலுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று மேனேஜர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சார் இல்லாட்டி என்ன, நீங்க இருக்கீங்களே. பாத்து கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

முதல் முறையாக ஒருவர் என்னிடம் 'நீங்க இருக்கீங்களே' என்று சொன்னார்.

கீழே போனேன். பிலோமினா ஒரு எனாமல் தட்டில் துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்று பெரியது. ஒன்று கைப்பிடி அளவு.

"மேடம், இது போட்டி, அது மூளை. ரெண்டும் வேற. கலந்துறாதீங்க."

மேனேஜர் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் ஐந்தாவது படித்தவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். "பிரிக்கிறது என் வேலை" என்று சொல்லித் தட்டைச் சாய்த்தேன். இரண்டு குவியலையும் விரலால் கலந்துவிட்டேன். அதிலிருந்து நானாக நான்கு துண்டுகளை எடுத்தேன்.

மாடியில் முறை தவறாமல் எல்லாம் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஒடித்த பிளேடு, கேரட், அயோடின். நான்கிலும் நீலம் இல்லை. நான்கிலும் எண்ணெய்த் துளி இல்லை. சார் இல்லாததால் க்ளிப்பை நானே எடுத்தேன். பெயரை எழுதினேன். குச்சியின் உறவு, வேகவைத்து உண்ணலாம், சரக்கு போகலாம். கீழே முழுப் பெயரில் கையெழுத்து.

மேனேஜர் கீழே போய் மூட்டைகளைத் தைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜரின் சத்தம் கேட்டது. மூட்டை தைக்கும் கோணி ஊசியைக் காணவில்லையாம். எல்லாரும் தேடினார்கள். மேசைக்கு அடியில், தராசுக்குப் பின்னால், குப்பைக் கூடையில். கிடைக்கவில்லை. வெளியே வாங்கி வரச் சொல்வதற்குள் வேலை நேரம் முடிந்துவிட்டது. மூட்டைகள் வாய் திறந்தபடியே நின்றன.

மறுநாள் காலை துரைராஜ் சார் ஊரிலிருந்து நேராக வந்தார்.

"மூட்டை ஏன் தைக்கல?"

"ஊசி காணோம் சார். இப்பதான் கெடைச்சுது" என்றாள் பிலோமினா. கொண்டைக்குள் கைவிட்டு, விரல் நீளக் கோணி ஊசியை உருவி மேசைமேல் வைத்தாள்.

சார் ஊசியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிலோமினா மறுபடியும் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள். பதிவேட்டை வாங்கிப் படித்தார்.

"தட்டுல ரெண்டு இருக்கு. இங்க ஒண்ணுதான் இருக்கு. எத்தனை துண்டு பார்த்தே?"

"நாலு சார்."

"ஏன் இந்த நாலு?"

யோசித்தேன். "தடிப்பா இருந்துச்சு சார். பிளேடுக்கு நல்லா நின்னுச்சு."

"பிளேடுக்குப் பிடிச்சதை எடுத்திருக்கே" என்றார். "அதுசரி, ரெண்டா இருந்த குவியல் எப்படி ஒண்ணாச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன் பிலோமினா சொன்னாள். "எங் கைலேர்ந்து தட்டு கவுந்துட்சு சார். மேடம் வர்றப்போ ஒண்ணாதான் கெடந்துச்சு."

மற்ற ஏழு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சின்னக் குவியலிலிருந்து ஒரு துண்டை என்னையே சீவச் சொன்னார். மெல்லியது, பிளேடு பட்டதும் நொறுங்கியது. பத்தாவது சீவலில் தெரிந்தது. ஒவ்வொரு வித்துக்குள்ளும் இரண்டு எண்ணெய்த் துளிகள். என் கையெழுத்தோடு விஷம் கப்பலேற இருந்தது. ஒரு கோணி ஊசிதான் அதை நிறுத்தியிருந்தது.

சரக்கு நின்றது. மேசைப் பெண்கள் எல்லா மூட்டையையும் கொட்டித் துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள். தட்டைக் கவிழ்த்ததற்காகப் பிலோமினாவை மேசையிலிருந்து எடுத்து மூட்டை தைக்கப் போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் எனக்குப் பர்மனென்ட் உத்தரவு வந்தது. அப்பா அதையும் கையில் வாங்கவில்லை, தள்ளி நின்றே பார்த்தார்.

இரண்டு வாரம் தாங்கினேன். திறமைக்காக ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படலாம், பழகிவிடும். அவள் நல்லவளாகவும் இருக்கிறாள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் கோணல் புத்தியைத் தெரிந்துகொண்டு எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள் என்று கோபம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்குப் பின்னால் அலுமினியக் குண்டானில் போட்டியை அலசிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா மேடம், கறி வாங்க இம்மாந் தூரமா?"

"நான்தான் வேணும்னே கலந்தேன்" என்றேன்.

"தெரியும். நான் எதுக்கதானே குந்திகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே? நான் கேட்டேனா?"

அவள் குடலை உள்வெளியாகத் திருப்பினாள். "உனக்காகன்னு நெனச்சுகினியா? நல்லா கீதே. உன்ன தூக்கிட்டா அந்த கண்ணாடில யாரு பாப்பாங்க? எங் கைக்கு தெரியுது. ஆனா நான் சொன்னா எந்த மூட்டை நிக்கும்? ஊசிய ஒளிச்சு வச்சாதான் நிக்கும். நீ ஒரு வரி எழுதுனா கப்பலே நிக்குது."

குடலை மறுபடியும் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"உன்ன பாத்தா எனக்கு வயிறு எரியும், தெரியுமா? கோட்ட கைல தொங்கவுட்டுகினு வருவியே, அத பாத்தாலே எரியும். ரெண்டு வருசமா நான் சொன்னத நீ அந்த கண்ணாடில பாத்துகினு கீற. ஒரு நாளாவது, பிலோ, வா, நீயும் பாருன்னு கூப்ட்டியா?"

இரண்டு வருடமாக அவள் மாடிப்படி வரை வந்து தட்டை வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வா என்று நான் சொன்னதில்லை. சார் வேறு இடத்தில் இருந்தால் சத்தமாகக் கதவைச் சாத்தியும் இருக்கிறேன்.

"குந்து" என்று பக்கத்து மணையைக் காட்டினாள். ஒரு குடல் துண்டை என் கையில் போட்டாள். "போட்டிக்கு மடிப்பு உள்ளாற. மூளைக்கு மடிப்பு வெளிய. காஞ்சாலும் ஒடஞ்சாலும், எந்தப் பக்கம் சுருண்டுகினு கீதுன்னு தடவிப் பாத்தா தெரிஞ்சிரும். அவ்ளோதான் எங் காலேஜு."

அவ்வளவுதான். ஒரு வரி. எந்தப் புத்தகத்திலும் நான் அதை அவ்வளவு நேராகப் படித்ததில்லை. என் கையிலிருந்து குடல் வழுக்கிக் குண்டானில் விழுந்தது. "படிச்ச கை, நிக்க மாட்டுது" என்று சிரித்தாள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புதான், சந்தேகமில்லை.

திங்கட்கிழமை காலை துரைராஜ் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். உத்தரவைத் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தட்டு கவிழ்ந்தா துண்டு மேசையில சிதறியிருக்கும். தட்டுக்குள்ளேயே கலந்திருக்காது. எனக்கு அன்னிக்கே தெரியும். நீ எத்தனை நாள்ல வர்றேன்னு பார்த்தேன்." பிறகு சொன்னார், "உத்தரவு உன்கிட்டயே இருக்கட்டும். பிலோமாவை மேல கூட்டிட்டு வா."

அவள் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முதலில் போட்டியின் சீவலை வைத்தேன். வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"எட்டு. எல்லா பையிலயும் எட்டு. அளந்து போட்ட மாதிரி கீது."

அடுத்து மூளையின் சீவல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தாள்.

"இதுக்கு கண்ணு கீது. ரெண்டு கண்ணு. நம்மளயே பாக்குது."

துரைராஜ் சார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு எண்ணெய்த் துளியைக் காற்றுக் குமிழியிலிருந்து பிரித்துப் பார்க்கவே மூன்று மாதப் பயிற்சி தேவைப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் எண்ணெய்த் துளி என்று சொல்லவில்லை. "கண்ணு இருக்கா?" என்றுதான் கேட்டார் சார். என்னிடமும் அப்படித்தான் கேட்டார். நானும் இருக்கு, இல்லை என்று பதில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது.

பிறகு பதிவேட்டைத் திறந்து, என் பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்து, போட்டிக்கும் மூளைக்கும் தனித்தனியாகப் புது வரி எழுதச் சொன்னார். முதலில் போட்டி. கண்ணுக்குத் தெரிந்தது: மடிப்பு உள்ளே. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது: எட்டு வித்துகள், நீலம் இல்லை, கண் இல்லை. க்ளிப்பை எடுத்தார். பெயர்க் கட்டத்தில் லத்தீன் பெயரை எழுதினேன். அதற்கு அடியில் போட்டி என்றும் எழுதினேன். பார்த்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிலோமினாவிடம் கொடுத்தார் சார். அவள் எழுத்தெழுத்தாக, பலகையில் எழுதும் பிள்ளையைப் போலப் பெரிதாக எழுதினாள். கட்டம் நிரம்பிவிட்டது. ஓரத்தில் எறும்பு போக இடம் இருந்தது. அங்கேதான் என் பெயரை எழுதினேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கம்பெனியை மூடினார்கள். எனக்கு வேறு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பதிவேடுகளையும் எடுத்துப் போனேன். பிலோமினாவுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை, கடைக்கே திரும்பினாள். வேலை எனக்குக் கிடைத்தது படிப்பால் என்று அப்பா சொல்வார். ஆமாம் என்பேன். புது இடத்தில் தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் விரல் முதலில் மடிப்பு எந்தப் பக்கம் என்றுதான் தடவிப் பார்க்கும். அது என் விரல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று போனில் அந்தப் பெண் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சயின்டிஸ்ட் இல்லம்மா" என்றேன். "மண்ணூர்பேட்டையில போட்டி வித்தவங்க."

"போட்டியா? யாருக்கும் யாருக்கும் மேடம்?"

"அந்தப் பொடி எழுத்தை லென்ஸ் வச்சுப் படி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.